சலவை இயந்திரத்து மோட்டரில் கறித்தூள் திரிக்கலாமா?

இலங்கையின் வடக்கே விசுவமடுவிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருந்த கேள்விக்கான பதில் இது. அவர் வீட்டில் கறித்தூள் செய்து சிறு பொதிகளாக விற்கிறார்; வாரத்திற்கு மூன்று, நான்கு கிலோ வரும். மில்லுக்குப் போய் வர அரை நாள் போய்விடுகிறது என்றும், அங்கே முன்னால் திரித்தவரின் தூள் தன்னுடையதோடு கலந்து நிறம் மாறுகிறது என்றும், வீட்டுக் கிரைண்டரில் அரைக்கப் போய் அது இரண்டு முறை எரிந்துவிட்டது என்றும் சொல்கிறார். ஒரு பழைய இரட்டைத் தொட்டிச் சலவை இயந்திரம், ஒரு மேசை மின்விசிறி, ஓடாத சைக்கிள், மாமியார் காலத்துக் கையால் சுற்றி அரைக்கும் இரும்புப் பொறி ஆகியவை வீட்டில் சும்மா கிடக்கின்றன. இவற்றைக் கொண்டு மின்சாரத்தில் ஓடும் அரைக்கும் பொறி ஒன்றைச் செய்ய முடியுமா, செய்தால் அது நின்று பிடிக்குமா என்பதுதான் கேள்வி.

செய்யலாம், அவரிடம் கிடக்கும் பொருள்களைப் பார்த்தால் அதிகம் செலவில்லாமலே செய்யலாம். ஆனால் இந்த வேலையில் இறங்குகிறவர்கள் எல்லாரும் முதலில் மோட்டரைத் தேடுகிறார்கள். எந்த வேகத்தில் அரைக்கப் போகிறோம் என்பதை முதலில் தீர்மானித்தால் மோட்டர் எது என்பது தானாகவே தெரிந்துவிடும். நான் இதைக் கற்றுக்கொண்டது ஒரு பால்மா ரின்னிலும் ஒரு சோடி எரிந்த கண்களிலும் என்பதால், அந்தக் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

போர் முடிந்து எங்கள் பக்கத்துக்குக் கரண்ட் வந்த புதிதில், பழைய கிரைண்டர் ஒன்றின் அலகைக் கழற்றி, மேசை மின்விசிறி மோட்டரின் தண்டில் பொருத்தி, ஒரு பால்மா ரின்னின் அடியைத் துளைத்து அதற்குள் அந்த அலகைச் சுற்றவிட்டேன். வறுத்த செத்தல் மிளகாய் உள்ளே நடனம் ஆடியதே தவிர உடையவில்லை. பிறகு அதே ரின்னைத் துளைபொறியில் பூட்டி ஓட்டினேன். இந்த முறை மிளகாய் உடைந்தது. கூடவே மூடியும் பறந்தது. அதன் பின்னர் அரை மணி நேரம் கிணற்றடியில் இருந்தேன்.

நடந்தது என்ன என்பதைக் கணக்கில் பார்த்தால் விளங்கும். கடைக் கிரைண்டரில் உள்ளது கரித்துண்டுகள் உரசி ஓடும் மோட்டர்; அது நிமிடத்திற்குப் பதினையாயிரம் சுற்று அளவில் ஓடக்கூடியது. 10 சென்ரிமீற்றர் அகலமான அலகு அந்த வேகத்தில் சுற்றினால் அதன் நுனி ஒரு செக்கனுக்கு 78 மீற்றர் ஓடுகிறது. மிளகாய்த் தோலையும் மல்லியையும் நொறுக்குவது அலகின் கூர்மையை விட இந்த அடியின் வேகம்தான். அதே அலகைச் சலவை இயந்திரத்து மோட்டரில் பூட்டினால், அந்த மோட்டர் நிமிடத்திற்கு 1400 சுற்று அளவில்தான் ஓடும் என்பதால், நுனியின் வேகம் செக்கனுக்கு 7 மீற்றரைச் சற்றே தாண்டும். அது மிளகாயைத் தள்ளிவிடும், வெட்டாது. ஆகவே அலகு வைத்த பொறியை வீட்டில் செய்வதென்றால் மிக வேகமான மோட்டர் வேண்டும். மிக வேகமான மோட்டருக்குச் சமநிலை பிசகாத அலகும், அதிர்வில் கழன்றுவிடாத மூடியும், வெடிக்காத பாத்திரமும் வேண்டும். அதற்குப் பட்டறைத் துல்லியம் தேவை. போத்தலில் அலகு பூட்டி ஓட்டும் யோசனையைச் சிலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்; மஞ்சள் துண்டு ஒன்று அந்த வேகத்தில் கண்ணாடியில் பட்டால் தூளோடு கண்ணாடியும் சேர்ந்து அரைபடும் என்பதால், தயவு செய்து அதை நினைக்கவே வேண்டாம்.

தங்கச்சியின் கிரைண்டர் எரிந்ததற்கும் இதிலேயே காரணம் இருக்கிறது. கிரைண்டர் பாத்திரத்தில் அரைபட்ட தூள் வெளியேற வழியில்லை. அரைபடாத மிளகாய்க்காக அரைபட்ட தூளும் திரும்பத் திரும்ப அடி வாங்கிச் சூடேறுகிறது. சூடேறிய மல்லியிலும் பெருஞ்சீரகத்திலும் எண்ணெய் கசிந்து தூள் அலகின் அடியில் அப்பிக்கொள்ள, மோட்டரின் பாரம் கூடி உள்ளே சுருள் கருகுகிறது. மோட்டர் தப்பினாலும் வாசனை தப்பாது, ஏனென்றால் வறுத்த மல்லியின் மணம் என்று நாம் சொல்வது எளிதில் ஆவியாகும் எண்ணெய்களையே. மூடியைத் திறந்தவுடன் வீடு முழுவதும் மணந்தால் அந்த அளவு மணம் பொதிக்குள் இல்லை என்று பொருள். கிரைண்டரைத்தான் பாவிக்க வேண்டும் என்றால் பாத்திரத்தில் பாதிக்கு மேல் நிரப்பாமல், அரை நிமிடம் ஓட்டி ஒரு நிமிடம் ஆறவிட்டு அரைக்க வேண்டும். நான்கு கிலோவுக்கு அது நாள் முழுக்க நீளும் வேலை.

மற்ற வழி மெதுவாக உரசி அரைப்பது. அம்மியும் திரிகையும் செய்தது அதையே. அவருடைய வீட்டில் கிடக்கும் கைப்பொறியும் அதையே செய்கிறது. மேலே போடுவதைத் திருகு ஒன்று முன்னே தள்ளிக்கொண்டு போய், பல் வெட்டிய இரண்டு இரும்புத் தட்டுகளுக்கு இடையில் கொடுக்கிறது. ஒரு தட்டு நிற்க மற்றது சுற்றுகிறது. அரைபட்ட தூள் அந்தக் கணமே ஓரத்தால் வெளியே கொட்டிவிடுகிறது. அதைக் கையால் நிமிடத்திற்கு 60 சுற்று அளவில் சுற்றுகிறோம். மோட்டர் பூட்டினால் 120 வரை போகலாம். அதற்கு மேல் போனால் தட்டுகள் சூடேறும், தூளும் கருகல் மணம் கொள்ளும்.

இனி எவ்வளவு வலு வேண்டும் என்று பார்ப்போம். கைப்பிடியின் நீளம் 20 சென்ரிமீற்றர் என்றும், மல்லி அரைக்கும்போது கை 5 கிலோ நிறையைத் தூக்கும் விசையைக் கொடுக்கிறது என்றும் கொண்டால், 60 சுற்றுக்கு ஏறத்தாழ 60 வாற்று வேண்டும். பின்னால் வரும் கணக்குப்படி நமது பொறி ஓடப்போகும் 113 சுற்றுக்கு 116 வாற்று வேண்டும். மேசை மின்விசிறி கரண்டில் எடுப்பதே 50, 60 வாற்றுத்தான், தண்டில் கொடுப்பது அதிலும் மிகக் குறைவு. கூரை மின்விசிறி மெதுவாகச் சுற்றுகிறது என்பதால் அதுவே பொருத்தமானது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் அதன் தண்டைக் கையால் பிடித்து நிறுத்திவிடலாம், அவ்வளவுதான் அதன் முறுக்கு. சலவை இயந்திரத்தில் துணி துவைக்கும் பக்கத்து மோட்டர் பெரும்பாலும் 120 முதல் 180 வாற்று வரை தண்டில் கொடுக்கும். நமக்கு வேண்டியதற்கு அது சரியாக இருக்கும். தாராளம் என்று சொல்லமாட்டேன். கண்டிப்பாக இரட்டைத் தொட்டி இயந்திரத்து மோட்டராகவே இருக்க வேண்டும். முன்பக்கம் கதவு வைத்த தானியங்கி இயந்திரங்களில் உள்ள மோட்டர்களைக் கட்டுப்படுத்த இலத்திரனியல் பலகை வேண்டும். சில வகைகளை நேரே கரண்டில் கொடுத்தால் பாரமில்லாமல் வேகம் ஏறிக்கொண்டே போகும்.

1400 சுற்றை 113 ஆக்குவதற்குத்தான் அந்த ஓடாத சைக்கிள். பொருளாதாரத் தடை இருந்த 90களில் வன்னியில் இருந்தவர்களுக்கு இது புதிய சங்கதி இல்லை: சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோச் செய்தி கேட்டோமே, அங்கே பெரிய சில்லு சிறிய உருளையை வேகமாகச் சுற்றியது. இப்போது வேண்டியது அதன் மறுதலை. மோட்டர்த் தண்டில் 5 சென்ரிமீற்றர்க் கப்பி. கைப்பொறியின் தண்டில் ரயர் கழற்றிய 28 அங்குலச் சைக்கிள் றிம். பெல்ட் ஓடும் இடத்தில் அந்த றிம்மின் குறுக்களவு ஏறத்தாழ 62 சென்ரிமீற்றர் இருக்கும். 62 ஐ 5 ஆல் வகுத்தால் பன்னிரண்டரை மடங்குக்குச் சற்றுக் குறைவு; 1400 சுற்று ஓடும் மோட்டர் என்றால் பொறி 113 சுற்று ஓடும். மோட்டரின் தகட்டில் உள்ள எண்ணைப் பார்த்து இந்தக் கணக்கை நீங்களே ஒருமுறை போட்டுக்கொள்ளுங்கள்.

றிம்மைப் பொறியில் பொருத்துவதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். கம்பிகளையும் நடுக் குடத்தையும் கழற்றி எறிந்துவிட்டு, 18 மில்லிமீற்றர் ஒட்டுப்பலகையை றிம்மின் உள்வட்டத்துக்குச் சரியாக வட்டமாக வெட்டி உள்ளே இறக்கி, கம்பி போன துளைகளின் வழியாகவே மரத்திருகாணி போட்டு இறுக்குவது நான் கண்ட இலகுவான வழி. முன்சில்லு றிம்மில் 32 துளைகள் இருக்கும்; ஒன்றுவிட்டு ஒன்றாகப் பதினாறில் இறுக்கினால் போதும். பிறகு பொறியின் பழைய கைப்பிடியை, மரக் குமிழை மட்டும் கழற்றிவிட்டு, பலகையின் நடுவில் சரியாக மையம் வரும்படி வைத்து இரண்டு போல்ட்டுகளால் பலகையோடு இறுக்க வேண்டும். கைப்பிடியின் துளை பொறியின் தண்டில் எப்படிப் பொருந்தியதோ அப்படியே இப்போது முழுச் சில்லும் பொருந்தும். வெல்டிங் எதுவும் தேவையில்லை. மையம் இரண்டு மில்லிமீற்றர் விலகினால் பரவாயில்லை. ஒரு சென்ரிமீற்றர் விலகினால் பெல்ட் ஒவ்வொரு சுற்றிலும் இறுகித் தளரும். றிம்மின் உட்குழி தட்டையாக இருப்பதால் கப்பிகளில் ஓடும் ஆப்பு வடிவ பெல்ட் அதில் வழுக்கும் என்று அஞ்ச வேண்டாம். பெரிய வட்டத்தில் பெல்ட் நீண்ட தூரம் அணைத்துக்கொண்டு போவதால் பிடி கிடைக்கும். சந்தேகமானால் பழைய ரியூப்பை நாடாவாக வெட்டி உட்குழியில் ஒட்டிவிடுங்கள்.

சலவை இயந்திரத்து மோட்டரில் ஏற்கனவே ஒரு சிறு கப்பி இருக்கும். அதன் பள்ளம் ஒடுக்கமானது, அதற்கு ஏற்ற நீளமான பெல்ட் கிடைப்பது கடினம். லேத் பட்டறையில் ஏ வகை பெல்ட்டுக்கான கப்பி ஒன்றைத் தண்டின் அளவுக்குத் துளைத்து வாங்கிக்கொள்வது நல்லது. மோட்டருக்கும் பொறிக்கும் மைய இடைவெளி 70 சென்ரிமீற்றர் என்றால் பெல்ட்டின் நீளம் 100 அங்குலத்துக்குக் கிட்ட வரும். கடைக்குப் போகும் முன் கயிறு ஒன்றைச் சுற்றி அளந்துகொண்டு போங்கள். மோட்டரைப் பலகையில் நேரே இறுக்காமல், கதவுப் பிணைச்சல் பூட்டிய சிறு பலகையில் ஏற்றி, அதன் நிறையாலேயே பெல்ட் இறுகும்படி தொங்கவிட வேண்டும். இதில் எனக்கு மிகப் பிடித்த வசதி ஒன்று உண்டு: மல்லிக்குள் கல் இருந்து தட்டுகளில் சிக்கினால், பெல்ட் வழுக்கி மோட்டர் சும்மா ஓடுமே தவிர தட்டுகளின் பல் உடையாது. பெல்ட்டை வரிந்து இறுக்கியவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

மின் இணைப்பை, உங்களுக்குப் பழக்கம் இல்லையென்றால், தெரிந்த ஒருவரைக் கொண்டே செய்விக்க வேண்டும். அவருக்கும் உங்களுக்கும் சில சொற்கள். துவைக்கும் மோட்டரில் மூன்று வயர்கள் வரும். ஒன்று பொது, ஒரு கரண்ட் வயர் எப்போதும் அதில்தான்; மற்ற இரண்டுக்கும் இடையில் கப்பாசிற்றர் தொங்கும். மற்றக் கரண்ட் வயரை அந்த இரண்டில் எதில் கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்து மோட்டர் வலமோ இடமோ சுற்றும். துணியை முன்னும் பின்னும் சுழற்றுவதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். கைப்பொறியின் திருகு ஒரு திசையில் சுற்றினால்தான் மல்லியை உள்ளே இழுக்கும் என்பதால், பெல்ட் போடுமுன் திசையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இயந்திரம் நாள்கணக்காக நின்றிருந்தாலும் கப்பாசிற்றரில் மின்னேற்றம் தங்கியிருக்கலாம். கை வைக்குமுன் 40 வாற்று இழைக் குமிழ் ஒன்றின் வயர்களை அதன் இரு முனைகளிலும் சற்று நேரம் பிடித்து வெறுமையாக்குங்கள். மோட்டரின் உடலையும் கைப்பொறியின் இரும்பையும் எர்த் வயரோடு இணைத்து மூன்று முனைப் பிளக்கிலேயே கொடுக்க வேண்டும். 30 மில்லி அம்பியரில் விழும் ட்றிப் சுவிச் இல்லாத வீட்டில் இந்தப் பொறியை ஓட்டவே வேண்டாம். 230 வோல்ற்றும் ஈரச் சாணித் தரையும் வெறுங்காலும் ஒன்றாகச் சேரக்கூடாது. சுவிச்சை அரைப்பவரின் கை எட்டும் இடத்தில் பூட்டுங்கள்.

பெல்ட்டையும் சில்லையும் முழுவதுமாக மூட வேண்டும். கோழிக்கூட்டு வலையும் நான்கு சட்டங்களும் போதும், ஆனால் அது இல்லாமல் ஒரு நாளும் ஓட்டக்கூடாது. சேலைத் தலைப்பும் பின்னலும் பிள்ளைகளின் விரல்களும் போகும் இடம் அதுவே. பொறியின் மேல்வாய்க்கு ஒரு தகரக் குழாய் வைத்து, விரல் திருகை எட்டாதபடி உயர்த்தி, உள்ளே தள்ளுவதற்கு மரக்கட்டை ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தகரம் பெயின்ற் ரின்னாகவோ வயலுக்கு மருந்து வந்த கொள்கலனாகவோ இருக்கக்கூடாது; எத்தனை முறை கழுவினாலும் அவை உணவுக்கு ஆகாதவை. தூள் விழும் பாத்திரம் சில்வராக இருக்கட்டும். சட்டத்துக்கு இரும்பு தேடுகிறவர்கள் காட்டோரம் மண்ணில் புதைந்து கிடப்பதை, அது வெடிக்காத குண்டாக இருக்கலாம் என்பதால், எதுவென்று தெரியாமல் தோண்டி எடுக்கவோ வெட்டவோ கூடாது என்பதை எங்கள் ஊரில் இன்னமும் சொல்ல வேண்டியிருக்கிறது. பழைய பள்ளிக்கூட மேசை ஒன்றே இதற்குத் தாராளமான சட்டம்.

அரைக்கும் முறைக்கு வருவோம், ஏனென்றால் பொறி நன்றாக இருந்தும் தூள் சரிவராமல் என்னிடம் வந்தவர்கள் உண்டு. மிளகாய் உலுக்கினால் விதை கிலுகிலுக்கும் அளவுக்குக் காய்ந்திருக்க வேண்டும். கையில் மடித்தால் முறிய வேண்டும், வளையக்கூடாது. ஒவ்வொன்றையும் தனித்தனியே வறுத்து, சுளகில் பரப்பி, முழுதாக ஆறிய பின்னரே அரைக்க வேண்டும். முழு மிளகாயின் தோல் திருகில் இறங்காமல் மேலேயே சுருண்டு நிற்கும் என்பதால், உரலில் நாலு போடு போட்டு நொறுக்கிக்கொண்டு, மல்லியோடு கலந்து போட்டால் மல்லி மிளகாயை இழுத்துக்கொண்டு இறங்கும். காய்ந்த மஞ்சளை முழுதாகப் போட வேண்டாம்; அது இரும்பையே எதிர்த்து நிற்கும், உரலில் பயறளவுக்கு உடைத்துப் போடுங்கள். முதல் தடவை தட்டுகளைச் சற்றுத் தளர்த்திக் கொரகொரப்பாக எடுத்து, ஆறவிட்டு, இரண்டாம் தடவை இறுக்கி அரைத்து, அரிதட்டில் அரித்து, தட்டில் தங்கும் கொரகொரப்பை மறுபடியும் போட வேண்டும். ஒரே தடவையில் மாவாக்க முயன்றால் தட்டு சூடேறும், மோட்டரும் முனகும். மில் தூளின் மென்மை இதில் வராது. கறித்தூளுக்கு அந்தச் சிறு கொரகொரப்பு வேண்டும் என்பது என் கருத்து, உங்கள் வாடிக்கையாளர்களின் கருத்து வேறாக இருக்கலாம்.

நெடுநாள் கிடந்த பொறி என்பதால் தட்டுகளைக் கழற்றித் துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, முதலில் இரண்டு கிலோ மலிவான அரிசியை அரைத்து எறிந்துவிடுங்கள். அதில் இரும்புப் பொடி இருக்கும், கோழிக்கும் வேண்டாம். அதன் பின்னர் விற்பனைக்குப் போகும் ஒவ்வொரு தூளிலும் பழைய றேடியோ ஸ்பீக்கரின் காந்தத்தைப் பொலித்தீனில் சுற்றி ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஒன்றும் ஒட்டாமல் வரும்வரை விற்க வேண்டாம். தட்டுகளைத் தண்ணீரில் கழுவாமல், வேலை முடிந்ததும் ஒரு பிடி அரிசியை அரைத்து எடுப்பதே போதிய துப்புரவு. வெறும் பொறியை ஓட்டக்கூடாது. இரும்பும் இரும்பும் உரசிய பொடி அடுத்த தூளில் வரும். விற்பனைக்குச் செய்கிறீர்கள் என்பதால், இந்தப் பொறியையும் அரைக்கும் இடத்தையும் உங்கள் பிரிவின் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்குக் காட்டிவிடுவது முறை. 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டம் வீட்டில் செய்து விற்பதையும் விட்டுவைக்கவில்லை.

2022 மார்ச் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் கரண்ட் நின்றபோது மில்களும் கிரைண்டர்களும் ஒன்றாகவே நின்றன. அதை மனத்தில் வைத்துக் கழற்றிய மரக் குமிழை எறிந்துவிடாதீர்கள். ஒட்டுப்பலகையில், மையத்திலிருந்து 20 சென்ரிமீற்றர் தூரத்தில் ஒரு துளை போட்டு வைத்தால், கரண்ட் இல்லாத நாளில் வலையையும் பெல்ட்டையும் கழற்றிவிட்டு அந்தக் குமிழைப் பூட்டிக் கையால் சுற்றலாம். சில்லின் நிறை தானாக இழுத்துக்கொண்டு போவதால், மாமியார் சுற்றிய காலத்தை விட இப்போது கை நோவு குறைவாகவே இருக்கும். கரண்ட் திரும்பி வந்ததும் குமிழைக் கழற்றாமல் பெல்ட்டைப் போட்டுவிட வேண்டாம். 113 சுற்றில் அது முழங்கையில் பட்டால் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும்.